நடைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, இன்று வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு 12 நெடுநடைகள் திட்டமிட்டோம். 10 நடந்தன. ஒன்று மழையால் நின்றது. இன்னொன்றுக்கு என்னையும் தலைவரையும் தவிர யாரும் வரவில்லை. செயற்குழு 6 முறை கூடியது. முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்துகள் மாற்றப்பட்டன. சங்கக் கொடி துவைக்கப்பட்டது.

மற்றபடி இந்த ஆண்டு தீனிப்பை ஆண்டு, அதாவது நடையில் கொறிக்கச் சங்கமே ஆளுக்கொன்றாகக் கட்டிக் கொடுத்த தீனிப் பொட்டலத்தின் ஆண்டு. சங்கப் பணத்தை முந்திரியும் பாதாமுமாகச் செயலாளர் கரைத்துவிட்டார் என்று ஒரு பேச்சு உலவுவது என் காதுக்கும் வந்தது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டின் கடைசி நடையில், நாலாவது மணி நேரத்தில், ஓர் உறுப்பினர் கண் இருட்டிப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டது பலருக்கு நினைவிருக்கும். காலையில் வெறும் காபி, பையில் ஒரு பொட்டலம் சிப்ஸ், அவ்வளவுதான் அவர் கொண்டுவந்தது. நம் உடல் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும் சர்க்கரை தசைகளில் ஏறத்தாழ 400 கிராம், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம். இரவுத் தூக்கத்திலேயே கல்லீரல் இருப்பில் பெரும்பகுதி செலவாகிவிடும். சாப்பிடாமல் வந்து மலை ஏறினால் வேறென்ன ஆகும்? அந்த உறுப்பினர் யாரென்று அப்போது அறிக்கையில் எழுதவில்லை. நான்தான் அது.

அதனால்தான் ஆளுக்கொரு தீனிப்பையைச் சங்கமே கட்டிக் கொடுக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அன்று கூட்டத்துக்கு 9 பேர்தான் வந்திருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் இரண்டு நடைகளுக்கு வாழைப்பழம் கொடுத்தோம். நல்ல பொருள், வயிற்றுக்கு இதம். ஆனால் 100 கிராமில் 90 கலோரிதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதையும் பைக்கு அடியில் போட்டு, மேலே தண்ணீர் பாட்டிலை வைத்தால் என்ன கிடைக்கும் என்று மூன்று பேர் எனக்குத் திறந்து காட்டினார்கள். தோலைப் புதரில் எறிந்தவர்களிடம் இன்னொரு முறை சொல்கிறேன். குளிர்ந்த மலைப் பகுதியில் அது மாதக்கணக்கில் மக்காமல் கிடக்கும், விலங்குகளையும் பாதைக்கு இழுக்கும். கொண்டுபோனவர்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கோடை நடைக்குச் சாக்லேட் வேண்டும் என்று ஒரு மூத்த உறுப்பினர் பிடிவாதம் பிடித்தார். 1953இல் எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் பனியில் குழி தோண்டிக் காணிக்கை வைத்தபோது அதில் சாக்லேட்டும் இருந்தது என்று சான்று வேறு காட்டினார். உண்மைதான். ஆனால் எவரெஸ்ட் உச்சியில் சாக்லேட் உருகாது. கோகோ வெண்ணெய் நம் உடல் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே, 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். வெயிலில் முதுகோடு ஒட்டித் தொங்கும் பையில் அது என்ன பாடுபட்டது என்பதற்கு நம் வரைபடமே சாட்சி. அதன் தென்பகுதி இப்போது முழுக்கப் பழுப்பு.

அப்புறம் எனர்ஜி பார். சர்க்கரை சேர்க்காதது உடம்புக்கு நல்லது என்று ஒருவர் சொல்ல, நானும் அட்டையைப் படிக்காமல் வாங்கிவிட்டேன். அது என் தவறு. சர்க்கரைக்குப் பதிலாக அதில் மால்டிடால் இருந்தது. குடல் அதை முழுதாக உறிஞ்சாது. அளவு மீறினால் வயிறு ஊதும், பேதியும் ஆகும். அன்று நடை வேகமாக முடிந்தது என்று மட்டும் பதிவு செய்கிறேன். புரத பார் வேண்டும் என்ற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: தசையைச் சீராக்கப் புரதம் தேவைதான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். ஏறிக்கொண்டிருக்கும்போது கால் கேட்பது மாவுச்சத்தையும் சர்க்கரையையும். குளிர் மாத நடையில் பார் கல்லாக இறுகி ஒருவருக்குப் பல் அடைப்பே பெயர்ந்துவிட்டது. சட்டையின் உள்பையில் வைத்தால் உடல் சூட்டில் இளகியே இருக்கும் என்பதை அன்று கற்றோம், கொஞ்சம் தாமதமாக.

ஏழாவது நடைக்குத்தான் கலவை சரியாக வந்தது. கொட்டை நீக்கிய பேரீச்சை, உலர்திராட்சை, வேர்க்கடலை, பாதாம், அதில் ஒரு பங்கு மட்டும் உப்புப் போட்டது. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4. அதனால் எடைக்கு எடை பார்த்தால் பருப்புகளை அடிக்க ஆளில்லை, 100 கிராமில் 550 கலோரிக்கு மேல். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும். அவசரத்துக்குப் பழச் சர்க்கரை, நெடுநேரத்துக்குப் பருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. 40 கிராம் பேரீச்சையிலேயே 30 கிராம் வந்துவிடும். உப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு: வியர்வையில் சோடியம் போகிறது. அதை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அது ஆபத்து.

பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம் என்பதால் 45 நிமிடத்துக்கு ஒரு முறை விசில் ஊதி எல்லோரையும் ஒரு பிடி சாப்பிட வைத்தேன். பள்ளிக்கூட மணி என்று கேலி செய்தார்கள். செய்யட்டும். இந்த ஆண்டு யாரும் பாறையில் உட்காரவில்லை.

இனி வருத்தமான பகுதி. தீனிப்பைக்காக மூன்று கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கொடுத்தேன்: எது ஒவ்வாது, நீரிழிவு உண்டா, பல் எப்படி. 41 உறுப்பினர்களில் 17 பேர்தான் திருப்பித் தந்தார்கள். தனக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்பதை ஒருவர் பாதி வழியில், பையைப் பிரித்த பிறகு சொல்கிறார். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. அன்றிலிருந்து அவருக்குத் தனி டப்பா, தனிக் கரண்டி, தனியே கழுவிய மேசை. முந்தைய நாள் இரவு வந்து பொட்டலம் கட்ட உதவுங்கள் என்று ஒவ்வொரு மாதமும் கேட்டேன். அதிகபட்சம் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் கலவையை ருசி பார்க்க. வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களின் பைகள் என் வீட்டிலேயே தங்கின. பருப்பு எண்ணெய்ப் பொருள், சூட்டிலும் காற்றிலும் சிக்கு வாடை வந்துவிடும். இரண்டு கிலோ அப்படி வீணானது. அதைத்தான் செயலாளர் தின்றார் என்கிறார்கள்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. செலவு சற்றே முந்துகிறது. விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன, கேட்டால் காட்டுவார். ஆண்டுச் சந்தா 23 பேரிடமிருந்து வந்திருக்கிறது. தராதவர்களின் பெயர்களை வாசிப்பது முறையல்ல என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் தீனிப்பை வாங்கிய தேதிகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், வாகனம் தந்து உதவியவர்கள், கொடியைத் துவைத்தவர் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டும் நானே தொடர வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கும் வயதாகிறது. கலவை எடைபோடும் தராசு என் மனைவியுடையது, சமையலறைக்குத் திரும்பி வர வேண்டும் என்கிறார். சங்கத்துக்கென்று ஒரு தராசு, காற்றுப் புகாத நாலு டப்பா, மாதம் ஓர் இரவு மூன்று பேர் என்று கிடைத்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் அவரவர் தீனி அவரவர் பையில் என்று பழையபடியே போகலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்த நடை 22 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். சந்தா நோட்டு வாசல் பக்க மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. மீதமிருந்த பேரீச்சையை அதன் பக்கத்திலேயே ஒரு தட்டில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்