ஆர்எக்ஸ்-8 விற்போருக்கு: எஞ்சின் கம்ப்ரஷனின் ஆறு எண்களையும் விளம்பரத்தில் எழுதுங்கள்

பிரிட்டனில் பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார்களை விற்கும் தனிநபர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும்,

வணக்கம். நண்பர் ஒருவருக்காகச் சில மாதங்களாக உங்கள் விளம்பரங்களைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். தோல் இருக்கைகள், சக்கரங்களின் பளபளப்பு, நடுத்தூண் இல்லாமல் எதிரெதிராகத் திறக்கும் கதவுகள், அண்மையில் பெற்ற எம்.ஓ.டி. என்னும் ஆண்டுச் சாலைத் தகுதிச் சோதனைச் சான்றிதழ் என எல்லாவற்றையும் விரிவாக எழுதுகிறீர்கள். எஞ்சினின் கம்ப்ரஷன் அளவை, அதாவது உள்ளே உருவாகும் அழுத்தத்தின் அளவை மட்டும் பெரும்பாலோர் எழுதுவதில்லை. இந்தக் காரை வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது அதுதான்.

நீங்கள் அறிந்ததே என்றாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2003 முதல் 2012 வரை தயாரான இந்தக் காரில் பிஸ்டன் கிடையாது. இடை சற்றே ஒடுங்கிய இரண்டு நீள்வட்ட அறைகளில் முக்கோண ரோட்டர்கள் சுழல்கின்றன; இவ்வகை எஞ்சினைத்தான் ரோட்டரி என்கிறோம். மொத்தக் கொள்ளளவு 1.3 லிட்டர்தான். ரோட்டரின் முனைகளிலும் பக்கங்களிலும் உள்ள மெல்லிய சீல்களே அழுத்தத்தைக் கசியவிடாமல் காக்கின்றன. அவை தேய்ந்துவிட்டால் எஞ்சினை முழுவதும் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ரோட்டரி வேலை தெரிந்த பட்டறைகள் அதற்கு 3,000 முதல் 5,000 பவுண்டு வரை கேட்கின்றன. காரையோ பல வேளைகளில் 2,000 பவுண்டுக்கும் குறைவாகவே விற்கிறீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தக் காருக்கு அப்படியே பொருந்தும். இதை எங்கோ ஓரிரு கார்களுக்கு நேர்ந்த கெடுவாய்ப்பு என்றும் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களின் எஞ்சின் உட்பகுதிக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என மாஸ்டாவே நீட்டித்தது.

எம்.ஓ.டி. சோதனையில் கம்ப்ரஷனைப் பார்ப்பதில்லை. சாதாரண கம்ப்ரஷன் மானியும் இங்கே உதவாது. ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் எதில் அழுத்தம் அதிகமோ அதை மட்டுமே அது காட்டும், தேய்ந்த முகம் அதன் பின்னால் மறைந்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவிதான் ரோட்டருக்கு மூன்றாக ஆறு எண்களையும் தனித்தனியே தரும். சோதனையில் ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும் வேகத்தை நிமிடத்துக்கு 250 சுற்று எனச் சரிசெய்து பார்க்கையில் நல்ல எஞ்சினின் அளவு 830 கிலோபாஸ்கல். 680-க்குக் கீழே போனால் தேறாது. வேகத்துக்குச் சரிசெய்யாத எண்களை நம்ப வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன், ஏனெனில் வேகமாகச் சுழற்றும் புதிய ஸ்டார்ட்டர் ஒன்றைப் பொருத்தினாலே அழுத்தம் கூடிச் சோர்ந்த எஞ்சினும் சில காலம் நல்லபடியாகக் கிளம்பும்.

நான் இதைக் கற்றது ஒரு பெட்ரோல் நிலையத்தில். என் முதல் ஆர்எக்ஸ்-8 விற்பனையாளரின் முற்றத்தில், காலைக் குளிரில், ஒரே திருகலில் கிளம்பியது. வீட்டுக்கு வரும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். மீண்டும் திருகியபோது சுழன்றதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. சூடேறிய எஞ்சினில் தேய்ந்த சீல்கள் இன்னும் கூடுதலாகக் கசியும் என்பதை இழுவை வண்டியோடு வந்தவர்தான் சொன்னார். விற்றவருக்கு அது தெரிந்திருந்ததா என்பதை இன்றுவரை நான் அறியேன்; சோதித்திருந்தால் இருவருக்குமே தெரிந்திருக்கும்.

பெட்ரோலை எரிக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் காயில்களைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். இந்த எஞ்சினில் நான்கு உண்டு. அவை எண்ணெய் வடிகட்டியைப் போலத் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள்கள் என்பதைப் பலர் ஏற்க மறுக்கின்றனர். காயில் சோர்ந்து பொறி தவறினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. அதன் உட்கூடு உருகியோ உடைந்தோ புகைவழியை அடைக்கிறது. வெளியேற வழியில்லாத வெப்பம் எஞ்சினுக்கே திரும்பிச் சீல்களைத் தின்கிறது. சில நூறு பவுண்டு செலவில் நான்கு காயில்களையும் பொறி தரும் பிளக்குகளையும் மாற்றாமல் விட்டவர் எஞ்சினையே இழப்பது இப்படித்தான். கடைசியாகக் காயில் மாற்றிய ரசீது உங்களிடம் இருந்தால், தோல் இருக்கைகளின் படத்தை விட அதன் படம் எனக்குப் பயன்படும்.

மற்றவை சிறியவை. சீல்களுக்கு எண்ணெய் தெளிப்பதற்காகவே இந்த எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும். அது குறையன்று, நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். குளிர்ந்த எஞ்சினை முற்றத்தில் இரண்டடி நகர்த்தி உடனே அணைக்கும் வழக்கத்தை மட்டும் வணிகர்கள் கைவிட வேண்டும். பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து, வாங்க வந்தவர் முன்னால் கார் முரண்டு பிடிக்கும். பின் சக்கர வளைவுகளிலும் அடிவிளிம்புகளிலும் உள்ள துருவைப் படமெடுத்துப் போடுங்கள். கார் 2006 மார்ச் 23-க்கு முன் பதிவானதா, பின் பதிவானதா என்பதையும் எழுதுங்கள், ஏனெனில் பின்னால் பதிவான 231 குதிரைத்திறன் கார்களுக்குச் சாலை வரி ஆண்டுக்கு 700 பவுண்டுக்கு மேல்.

எண்களை வெளியிட்டால் விலை குறையும் என்பீர்கள். மோசமான எஞ்சினுக்குக் குறையத்தான் வேண்டும். நல்ல எஞ்சின் வைத்திருப்பவரும் இன்று அந்தச் சந்தேகத்தின் விலைக்கே விற்க வேண்டியிருக்கிறது. நூறு பவுண்டுக்குள் முடியும் ஒரு சோதனை அவரை அதிலிருந்து மீட்கும்.

அடுத்த வசந்தத்தில் என் இரண்டாவது ஆர்எக்ஸ்-8 காரை விற்கவிருக்கிறேன். சென்ற வாரம் சோதித்த அளவுகள் இவை: முன் ரோட்டர் 730, 720, 740, பின் ரோட்டர் 700, 690, 710. எல்லையை நெருங்கிவிட்டது. விளம்பரத்தின் முதல் வரியாக இவற்றையே எழுதுவேன்.

இப்படிக்கு,
பதினோரு ஆண்டுகளாக ரோட்டரி கார் ஓட்டும் ஒருவன்