மதிக்கு, இலையுதிர் சீசனுக்கு முன்னால்

சுகர் லேண்ட்,
ஜூன் 2025

அன்புள்ள மதி,

போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்கிறாய். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ரெனசான்ஸ் ஃபேர், அந்த ராஜா ராணி காலத்து வேஷத் திருவிழா, ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுக் கடை போட்டு அலைகிறவள் நீ; ராத்திரி டிரெய்லரில் கொஞ்சம் ஓய்வாக உட்காரும்போது படி.

அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. சுகந்தி அத்தை அடுத்த மாதம் வருகிறாள். மாமரம் இந்த வருஷமும் பூத்ததோடு சரி. மற்றபடி இங்கே புதிதாக ஒன்றுமில்லை.

பொங்கலுக்கு நீ வந்தபோது கையில் வளையல் இல்லை. அடுப்பு வேலை, எண்ணெய்ச் சூடு, கழற்றி வைத்திருப்பாய் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஏப்ரலில் ரவி ரிசப்ஷனுக்குப் பட்டுப்புடவை கட்டி வந்தாய், அப்போதும் இல்லை. அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அது ஆச்சி உனக்குக் கொடுத்தது, உன்னுடையது.

நான் எழுத வந்தது முட்டையைப் பற்றி. கடையில் முட்டைப் பெட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். 2022 தொடக்கத்தில் ஒரு டஜன் 2 டாலருக்குள் இருந்தது. பறவைக் காய்ச்சல் வந்து கோழிகளைக் கோடிக்கணக்கில் அழித்தார்கள், 2023 ஜனவரியில் நாடு முழுக்கச் சராசரி விலை 4.82 ஆனது. இறங்கியது என்று மூச்சு விடுவதற்குள் இந்த மார்ச்சில் 6.23. உன் கடையில் ஓடுவதே ஸ்காட்ச் எக்தான். முழு முட்டையை அவித்து, உரித்து, கொத்துக்கறியில் பொதிந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கிறாய். பாதி முட்டை வைத்துச் சமாளிக்க முடியாத பண்டம் அது. நீ மொத்தமாக வாங்குகிறாய், உனக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், இப்போது விலை இறங்கவும் தொடங்கியிருக்கிறது, எல்லாம் தெரியும். ஆனால் ஜார்ஜியா சீசனுக்குச் சரக்குப் பிடித்த மாதத்தில்தானே விலை உச்சியில் இருந்தது? அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன நவம்பரில் உன் கடையில் ஒரு சனிக்கிழமை வந்து நின்றேன் இல்லையா, அன்று பார்த்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வரிசையில் வந்தார். பிள்ளைகள் அட்டைக் கிரீடம் வைத்திருந்தார்கள். விலைப் பலகையை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார், பிறகு கீழிருந்து மேலே படித்தார். ஒரே ஒரு முட்டை வாங்கி, "நாலாக வெட்டிக் கொடுக்க முடியுமா?" என்றார். நீ முகம் சுளிக்கவில்லை. கத்தியைத் துடைத்து, மஞ்சள் கரு கலையாமல் நாலாக வெட்டி, நாலு தட்டில் வைத்து, கடுகுச் சாஸ் நாலு கிண்ணம் கொடுத்தாய். அந்தச் சின்னப் பையனுக்கு ஒரு வணக்கம் வேறு, ராஜாவுக்கு வைப்பது போல. என் பெண் என்று பெருமையாக இருந்தது. மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படித்த பெண் பொரியல் கடை போடுகிறாளே என்று யார் யாரோ கேட்டதற்கெல்லாம் அன்றைக்கு என் மனசுக்குள் பதில் கிடைத்தது.

ஆனால் நான் வருஷக்கணக்கில் சம்பளப் பட்டியல் போட்டவள். கண் தானாகக் கணக்குப் பார்த்துவிடுகிறது. நாலு தட்டு, நாலு கிண்ணம், நாலு பேர் நின்ற இடம், ஒரு விற்பனை. அன்றைக்கு அவர் ஒருவர் மட்டும் அப்படி வாங்கவில்லை.

நீ போனில் கூட்டம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறாய். இருக்கும். 2008-இல் நாம் ஆர்லாண்டோ போவதற்கு இருந்தோம். அந்தக் கோடையில் பெட்ரோல் கேலன் 4 டாலருக்கு மேல். செப்டம்பரில் ஐக் புயல் அடித்து நம் வீட்டுக் கூரை போனது, இரண்டே நாளில் லீமன் பிரதர்ஸ் பாங்க் விழுந்தது. ஆர்லாண்டோவை விட்டுவிட்டு உன்னை டாட் மிஷனுக்குக் கூட்டிப்போனோம், டெக்சஸ் ரெனசான்ஸ் ஃபெஸ்டிவலுக்கு. கார் நிறுத்த இடமில்லை. எங்களைப் போலவே எத்தனையோ குடும்பம், விமானம் ஏற முடியாதவர்கள், ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்துவிட்டார்கள். கெட்ட காலத்தில் பக்கத்துத் திருவிழாவுக்கு ஆள் வரும், மதி. ஆனால் வந்தவர்கள் கையை இறுக்கிக்கொண்டு வந்தார்கள். வாள் கடையில் வாளை எடுத்துப் பார்த்து வைத்தார்கள். தோல் கச்சைக் கடையில் போட்டுப் பார்த்துக் கழற்றினார்கள். வான்கோழிக் கால் கடையில் மட்டும் வரிசை நின்றது, அதுவும் ஒரு காலை நாலு பேர் மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு. வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பாதிப்பேர் அங்கேயே சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்ததையும் பார்த்தோம். நாமும் புளியோதரையை அப்படித்தான் சாப்பிட்டோம், நினைவிருக்கிறதா?

கைவினைக் கடைக்காரர்கள் முதலில் அடி வாங்குகிறார்கள். சாப்பாடு பிறகுதான். அதனால் உனக்கு அடி இல்லை என்று ஆகாது. உன்னைப் போன்ற சாப்பாட்டுக் கடைகள் மொத்த விற்பனையில் ஒரு பங்கை ஃபேருக்குக் கொடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். நல்ல நாளில் அது நியாயம்தான், விற்றால் கொடுக்கிறோம். ஆனால் பங்கு விற்பனையில் போகிறது, லாபத்தில் இல்லை. 100 டாலருக்கு விற்றால் 30 அவர்களுக்கு என்று வைத்துக்கொள். முட்டை, கறி, எண்ணெய், தட்டு எல்லாம் 30. ஆள் கூலி 25. உனக்கு 15. சரக்கு விலை 30-இலிருந்து 40 ஆகிவிட்டால் உனக்கு நிற்பது 5. கூட்டம் அதே கூட்டம், வரிசை அதே வரிசை, நீ நிற்கும் நேரமும் அதேதான். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்குக் கடை ஓகோ என்று ஓடுகிறது. விலையை ஏற்றினால் ஏற்றியதிலும் ஒரு பங்கு போகும், அந்த நாலாக வெட்டச் சொன்னவர் அடுத்த தடவை வரிசையிலேயே நிற்க மாட்டார்.

இதில் அலுமினியத் தட்டுக்கு வேறு இறக்குமதி வரி. இந்த மாதம் 50 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். அகலக்கால் வைக்காதே என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹூஸ்டன்காரர்களுக்கு இன்னொன்று தெரியும். பெட்ரோல் விலை குறைந்தால் ஃபேருக்கு நல்லது என்று நீ நினைப்பாய், டிரெய்லரை இழுத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போகிற உனக்கு அது நல்லதுதான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் சம்பளமே எண்ணெயில் இருக்கிறது. 2016 தொடக்கத்தில் கச்சா எண்ணெய் பீப்பாய் 30 டாலருக்குக் கீழே போனபோது என் ஆபீசில் மாதாமாதம் பட்டியல் சுருங்கியது. கடைசிச் சம்பளக் காசோலையை நான்தான் அச்சடித்துக் கவரில் போடுவேன். அந்த இலையுதிர் காலத்தில் பக்கத்து மேஜை லிண்டா, வருஷா வருஷம் சீசன் பாஸ் வாங்கி இளவரசி உடை தைத்துப் போடுகிறவள், "இந்த வருஷம் ஒரே ஒரு நாள்தான்" என்றாள். பெட்ரோல் அவளுக்கு மலிவாகத்தான் இருந்தது. இலையுதிர் சீசனுக்கு நீ டெக்சஸ் வரும்போது பம்ப்பில் இருக்கும் விலையைப் பார்த்துச் சந்தோஷப்படாதே, பீப்பாய் விலையையும் பார்.

மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. இன்னொரு ஃபேரில் ஒரு கடை விலைக்கு வருகிறதாமே. நிலையாக நிற்கிற மரப் பூத், இரண்டு மாடி, மேலே தங்கலாம். ஆசையாக இருக்கும். டிரெய்லரில் எத்தனை நாள் படுப்பது. ஆனால் மதி, மரம் உன்னுடையது, கூரை உன்னுடையது, நிலம் அவர்களுடையது. நாளைக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை என்றால் அந்தப் பூத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வர முடியுமா? 2020-இல் மேரிலாந்து ஃபேர் நடக்கவில்லை, மினசோட்டா நடக்கவில்லை, விஸ்கான்சினில் பிரிஸ்டல் நடக்கவில்லை. பூத் வைத்திருந்தவர்கள் பூத்தைப் பூட்டி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அது சனி ஞாயிறு தொழில், அதுவும் எட்டு வாரம், பத்து வாரம். ஒரு சனிக்கிழமை முழுக்க மழை பெய்தால் அந்தச் சனிக்கிழமை போனதுதான், திங்கட்கிழமை கடை திறந்து ஈடுகட்ட முடியாது. அப்படிப்பட்ட தொழிலில் கையிலிருக்கும் முதல் பணத்தைக் கொண்டுபோய் மரப் பூத்தில் போட்டால், மழைக்கும் மட்டமான வருஷத்துக்கும் கையில் என்ன இருக்கும்?

நீ ஆரம்பித்தது 2021-இல். அது எப்படிப்பட்ட வருஷம் என்று யோசித்துப் பார். ஒரு வருஷம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனம், அரசாங்கம் கொடுத்த காசு கையில், திறந்த வெளித் திருவிழா என்றால் விடுவார்களா? வந்து குவிந்தார்கள். உனக்கு அதுதான் சாதாரண வருஷம் என்று மனசில் பதிந்திருக்கிறது. அடுத்த வருஷமே பெட்ரோல் 5 டாலரைத் தொட்டது, ஜூனில் விலைவாசி 9.1 சதவீதம் ஏறியது, அப்போதும் நீ தாக்குப் பிடித்தாய். எல்லோரிடமும் சொன்னேன், இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஜனங்களுக்கு வேலை போகிற வருஷம் ஒன்றை நீ அடுப்புக்கு முன்னால் நின்று இன்னும் பார்க்கவில்லை.

நீ எப்போதும் சொல்வாய், ஃபேர் அழியாது அம்மா என்று. ஒத்துக்கொள்கிறேன். 1963-இல் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற பள்ளிக்கூட டீச்சரும் அவர் கணவரும் லாஸ் ஏஞ்சலிசில் ஒரு வானொலிக்கு நிதி திரட்ட ஆரம்பித்தது இது என்று நீதான் எனக்குச் சொன்னாய். டாட் மிஷன் திருவிழா 1974-இல் தொடங்கியது, எண்ணெய் நெருக்கடிக்கும் பொருளாதார மந்தத்துக்கும் நடுவில். டெக்சஸ் வாக்ஸஹாச்சியில் ஸ்கார்பரோ ஃபேரும் பென்சில்வேனியாவில் மவுண்ட் ஹோப் ஃபேரும் 1981-இல், அதுவும் மந்த காலம். மட்டமான வருஷத்தில் பிறந்து இன்றைக்கும் நடக்கின்றன. ஜனங்களுக்குக் கொஞ்ச நேரம் வேறு உலகத்தில் இருக்க ஆசை, காசு இல்லாத காலத்தில் அந்த ஆசை அதிகம்தான். வாசல் டிக்கெட் முன்கூட்டியே விற்றுவிடும். மழை பெய்தாலும் நிர்வாகத்துக்கு அந்தக் காசு வந்துவிட்டது. திருவிழா நிற்கும். அதற்குள் நிற்கிற சின்ன அடுப்பு நிற்குமா என்பதுதான் என் கவலை. போன வருஷம் உன் எதிரில் சூப்பை ரொட்டிக் கிண்ணத்தில் ஊற்றி விற்ற அந்தப் பெரியவர் இந்த வசந்த சீசனில் வரவில்லை என்றாயே. அவர் இடத்தில் அடுத்த வாரமே வேறொருவர் வந்துவிட்டார் என்றும் சொன்னாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

கையில் ஒரு சீசன் செலவுக்கான பணம் எப்போதும் இருக்கட்டும். முட்டை இல்லாமல் விற்கிற ஒரு பண்டமும் இருக்கட்டும். உருளைக்கிழங்கு, சோளம், ஏதாவது மலிவாக, அந்த நாலு பேர் ஆளுக்கு ஒன்று வாங்குகிற மாதிரி. ஆள் வைப்பதைக் குறைத்துக்கொள், நவம்பரில் நானும் அப்பாவும் வருகிறோம், முட்டை உரிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அகலக்கால் மட்டும் வைக்காதே. பூத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்றால் சரி, போட்டாயிற்று, அந்த ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பு, நான் ஒருமுறை படிக்கிறேன். கோபிக்க மாட்டேன். எத்தனை ஒப்பந்தம் படித்திருக்கிறேன், அது ஒன்றுதான் என்னால் உனக்கு முடியும்.

இன்ஜினியர் வேலைக்குத் திரும்பிப் போ என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் சொன்னேன். அந்தக் கத்தியைத் துடைத்து நாலாக வெட்டியதைப் பார்த்த பிறகு சொல்வதில்லை.

அப்பா பெயரில் பாங்கில் இருக்கும் டெபாசிட் செப்டம்பர் முதல் வாரம் முடிகிறது. தானாகப் புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். சரக்குக்கோ, எதையாவது மீட்பதற்கோ, எதற்கு என்று கேட்க மாட்டோம். வேண்டாம் என்றால் ஆகஸ்ட் கடைசிக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு, மறுபடி போட்டுவிடுகிறோம். வேண்டும் என்றால் அதுவும் சொல்ல வேண்டாம், உன் அக்கவுண்ட் நம்பரை மட்டும் அப்பாவுக்கு மெசேஜில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா