31 லட்சத்தை அடித்துவிடாதே

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு தொலைபேசியில் நீ போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம் என் மனத்தைவிட்டு அகலவில்லை. உடலியங்கியல் ப்ராக்டிகலில் உன் விரலைக் குத்தி எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்களை எண்ணியபோது எண்ணும் கண்ணாடித் தகட்டின் 80 சிறு கட்டங்களில் 310 இருந்தன, கணக்கிட்டால் ஒரு கன மில்லிமீட்டருக்கு 31 லட்சம் வந்தது, பக்கத்து மேசைத் தோழிக்கு 46 லட்சம் என்பதால் ரெக்கார்டு நோட்டில் அதை அடித்துவிட்டு 45 என்று எழுதினேன் என்றாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலாண்டில் நானும் இப்படி மாற்றி எழுதிக் கையொப்பம் வாங்கியவள்தான். அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் உன் கையிலேயே இருந்திருக்கலாம். இரத்தம் தானாக வராமல் விரலைப் பிதுக்கினாயா? அப்படியானால் திசுநீர் கலந்து இரத்தம் நீர்த்திருக்கும். பிப்பெட்டில் 0.5 கோடு வரை இரத்தமும், 101 வரை இரத்தத்தை நீர்க்கச் செய்யும் ஹேயம் திரவமும் இழுத்து, பிப்பெட்டின் குமிழிலுள்ள சிவப்பு மணி உருளும்படி நன்றாகக் கலக்கினாலும், தண்டுப் பகுதியில் நிற்பது அணுக்கள் இல்லாத வெறும் திரவமே. முதல் இரண்டு மூன்று துளிகளைச் சிந்திவிடாமல் அப்படியே நியூபாவர் அறையில், அதாவது அந்தக் கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில், விட்டிருந்தால், 310 வருவதில் வியப்பில்லை. உன் எண்ணை நீ வைத்திருந்தால் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்திருக்கலாம். தோழியின் எண்ணில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?

லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், காய்ச்சி வடித்த நீரில் செய்ததாக எண்ணிய உப்புக் கரைசலில் தவளை இதயம் நெடுநேரம் துடிப்பதைக் கண்டார். பிறகுதான் அந்தக் கரைசல் குழாய்த் தண்ணீரில் தயாரிக்கப்பட்டது என்று தெரியவந்தது. அவர் அதை மறைக்காமல் 1883-இல் அச்சிலேயே எழுதி, குழாய் நீரிலிருந்த கால்சியமே துடிப்பைக் காத்தது என்று காட்டினார். ரிங்கர் கரைசல் என்று நாங்கள் அந்நாளில் தவளைத் தசைமேல் விட்டது அந்தத் தேடலில் பிறந்தது.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. நீ எண்ணியது உன் சொந்த இரத்தம். கை முறை சரியாகவே இருந்து, அந்த 31 லட்சம் உண்மையாகவும் இருந்தால்? பெண்களுக்கு 38 லட்சத்துக்குக் கீழே போவது நல்லதல்ல. விடுதியில் காலை உணவைத் தவிர்ப்பதாக வேறு சொல்கிறாய்.

ஆகவே ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, அடித்த எண்ணை மறுபடி எழுதிவிடு. அடுத்த வகுப்பில் விரலைப் பிதுக்காமல், முதல் துளியைத் துடைத்துவிட்டு மீண்டும் எண்ணிப் பார். அன்றே இரத்தத்தில் அமிலம் சேர்த்து நிறத்தை ஒப்பிடும் சாலி முறையில் ஹீமோகுளோபினும் பார்த்துவிடு, அமிலம் சேர்த்தபின் பத்து நிமிடம் பொறுக்க மறக்காதே. இரண்டும் குறைவாக இருந்தால் மறுநாளே மருத்துவரைப் பார். எந்த எண் வந்தாலும் அன்றிரவே எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா