கூடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்

அன்புள்ள தாயி,

போன் போட்டால் 'சரிம்மா, மீட்டிங் இருக்கு' என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் மீட்டிங் முடிந்த பிறகு படிக்கலாம், அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பர் படிக்கிறார்.

மத்தியானம் சமையல் முடிந்தால் நம் வீட்டு வராந்தாவில் ஒயர் கூடை பின்னக் கடை விரித்துவிடுகிறோம். மாடி வீட்டு மதினி இன்னும் சாதா முடிச்சைத் தாண்டவில்லை. அடி போடும்போதே ஒரு பக்கம் இறுக்கி இழுத்துவிடுகிறார், கூடை கோணிக்கொள்கிறது. சொன்னால் முகம் சுருங்கும், அதனால் சொல்வதில்லை. பால்காரம்மா சிவன் கண் முடிச்சே போடுகிறார். கூடையைச் சுற்றி ஓடும் ரன்னிங் ஒயர் தீர்ந்து அடுத்ததைச் சொருகும் நேரம் மட்டும் எல்லார் வாயும் மூடிக்கொள்ளும். சொருகியதும் யார் வீட்டு மருமகள் கதையோ விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

திருமலை நாயக்கர் மகால் பக்கத்திலிருந்து குடிவந்திருக்கும் சௌராஷ்டிரா அம்மா இப்போது சுங்குடிச் சேலைக்குக் கட்டும் முடிச்சு சொல்லித் தருகிறார். துணியை மடித்து, புள்ளி வைத்த இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சைப் பிரித்தால் புள்ளி வெளியே வரும். 2005லேயே மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் கடையில் நிறைய வருவது மெழுகு அச்சுதான். கையால் கட்டியது என்றால் முடிச்சு நின்ற இடம் விரலில் தட்டும், ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. எனக்கு ஒரு கைக்குட்டை கட்டுவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. நீ இருந்தால் ஒரே மூச்சில் கற்றுக்கொண்டிருப்பாய்.

நெல்லிக்காய் முடிச்சில் உன் கைக்கு ஈடாக இந்தத் தெருவில் ஆள் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு லீவில் நீ போட்ட கூடையில்தான் இன்னும் காய் வாங்குகிறேன். கைப்பிடிகூட இளகவில்லை. மதினியிடம் தினமும் காட்டிப் பெருமை அடிக்கிறேன். அதைப் போட்டவளோ கத்தரிக்காயைக்கூட ஆப்பில் வரவழைக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

தீபாவளிக்கு உன்கூட வந்த அந்தப் பிள்ளையும் நீயும் ஆரம்பித்த கூடை, அடி போட்டதோடு நின்று அலமாரி மேல் கிடக்கிறது. பொங்கலுக்கு நீ மட்டும் வந்தாய். நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு நீயும் வரவில்லை. அழகர் ஆற்றில் இறங்கின அன்று அப்பா உன் போனுக்காக உட்கார்ந்திருந்தார். முன்னெல்லாம் நீ பேசும்போது பின்னால் அவள் ஏதாவது கத்திக்கொண்டிருப்பாள், எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். இப்போது டிவி மட்டும் ஓடுகிறது. சண்டையா, வேலை மாறிப் போய்விட்டாளா, எனக்கென்ன தெரியும். நான் கூடையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கூடை பின்ன ஆபீஸில் யாரையாவது கூப்பிட்டு உட்கார்த்து. பக்கத்து ஃபிளாட்டில் ஒரு தமிழ்ப் பொண்ணு இருக்கிறாள் என்றாயே, அவளைக் கூப்பிடு. தனியாகச் செய்யாதே, ஒயரை அளந்து வெட்ட மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வில்லாபுரத்துக்குக் குடிவந்த புதிதில் எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. கதவுக் கொண்டியில் மாட்டித்தான் அளந்தேன். அந்தக் கூடை முடியவே இல்லை. அதனால் சொல்கிறேன், யாரையாவது கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். பேசக்கூட வேண்டாம், கை வேலை செய்யட்டும். நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதிவிட்டேனா?

நவராத்திரிக்கு விளாச்சேரி போய் மண் பொம்மை பார்க்கலாம் என்கிறார் மதினி. லீவு கிடைக்குமா என்று சொல்.

சித்தப்பா மகன் ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் பெங்களூரு வருகிறான். அரக்கிலும் மஞ்சளிலும் ஒயர் கொடுத்துவிடுகிறேன், அந்த அடி போட்ட கூடையையும் வைக்கிறேன். முடிப்பதோ பிரிப்பதோ உன் இஷ்டம். முறுக்கு இரண்டு டப்பா இருக்கும். ஒன்று அந்தப் பிள்ளைக்கு. அவள் அங்கே இல்லையென்றால் ஆபீஸுக்கு எடுத்துப் போ, வீட்டில் வைத்து நமுத்துப்போக விடாதே. காலையில் பஸ் வரும்போது நீயே போய் வாங்கிக்கொள், அவனை அலைய விடாதே. வாங்கியதும் போன் போடு, மெசேஜ் வேண்டாம்.

அம்மா