குண்டு உப்பலவாடிப் பாட்டியின் கதை: டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சர்,

நேற்று கடலூர் மஞ்சக்குப்பத்து அச்சகத்தில், பிள்ளைகளுக்கான நம் உள்ளூர் வரலாற்றுக் கையேட்டைக் கொடுத்துவிட்டேன். மூன்று வருடமாக என் பீரோவில் கிடந்தது. ஐந்து பேர் ஆரம்பித்த வேலை எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற மூவரும் இதைப் படிப்பார்கள். அதனால் யார் பாடம் எழுதித் தரவில்லை, தலைமையாசிரியர் அறையில் யார் என்ன பேசினார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. என் பங்கை மட்டும் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம், ஆறாம் வகுப்பு அறை. குண்டு உப்பலவாடிப் பாட்டி ஒருவரிடம் கேட்டு நீங்கள் எழுதிவந்த நான்கு பக்கம். கோடு போட்ட தாள், நீல மை. கோட்டையிலிருந்து வெள்ளைக்காரன் பீரங்கி சுட்டான், குண்டு போய் விழுந்த இடம் வரை அவனுக்குச் சொந்தம், அதனால்தான் ஊர்ப் பேரில் குண்டு என்று பாட்டி சொன்னபடியே எழுதியிருந்தீர்கள். நான் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். பையன்களின் கணக்கு நோட்டைத் திருத்துகிற அதே வேகத்தில் குறுக்கே ஒரு கோடு. 'சான்று இல்லை' என்று எழுதி எல்லார் முன்னாலும் நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனீர்கள்.

அப்போது காலாண்டுத் தேர்வு, எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, வட்டார வள மையத்தில் தேதி கேட்டு நச்சரிப்பு. தப்பான தகவல் பிள்ளைகள் கைக்குப் போகக்கூடாது என்று பயந்தேன். அந்தப் பயம் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் தனியாகக் கூப்பிட்டு, "இது எங்கே கிடைத்தது டீச்சர்?" என்று கேட்டிருக்கலாம்.

பழைய தென்னார்க்காடு மாவட்ட விவரத் தொகுப்பான கெசட்டியரைப் பிறகுதான் புரட்டினேன். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரத்து ஊர்களும் சேர்ந்தே கைமாறியிருக்கின்றன. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பேர். பாட்டி சொன்னது சரி. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைக் குழு குழுவாக உட்காரவைத்து, சேர்ந்து செய்யுங்கள் என்கிறோம். நாம் ஐந்து பேரும் வகுப்பில் தனியாக நின்று பேசியே பழகியவர்கள். கூட வேலை செய்கிறவர் எழுதியதை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை பேசவில்லையே! என்னைவிட சர்வீஸ் கூடியவர். "சார், நீங்களே போய்ப் பாட்டியைக் கேளுங்கள்" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் அன்றே போயிருப்பேன். சத்தமில்லாமல் ஒதுங்கினீர்கள். உங்களைப் பார்த்து மற்றவர்களும் ஒதுங்கினார்கள். கலந்தாய்வில் விருத்தாசலம் பக்கம் மாறுதல் கிடைத்ததைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாப்பிடாமல் திருத்திக்கொண்டிருக்கிறேனே என்று புளிசாதத்தில் பாதியைத் தட்டில் வைத்துத் தள்ளிவிடுகிறவர், என்னிடம் சொல்லாமல் போனீர்கள்.

சரி. பாட்டியின் கதைதான் முதல் பாடம், உங்கள் பெயரில். ஒன்று மட்டும் வேண்டும். பாட்டியின் பெயரைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். என் சிவப்புக் கோடு அதன் மேலேயே ஓடுகிறது, படிக்க முடியவில்லை. அச்சகத்தில் வியாழக்கிழமை வரை பொறுப்பார்களாம். எழுதி அனுப்புங்கள்.