மரணச் சான்றிதழ் இல்லாத ஒருவருக்காக: காப்பக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய காப்பக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மலாயாவின் பழைய ரப்பர்த் தோட்டங்களின் செக்ரோல் ஏடுகளை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடுகளைப் பார்வையிட அனுமதி கேட்டு என் மகள் அனுப்பிய விண்ணப்பத்தைச் சென்ற மாதம் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். விண்ணப்பதாரருக்கு 18 வயது நிரம்பவில்லை என்பது ஒரு காரணம். தேடப்படுபவரின் மரணச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்பது மற்றொன்று. முதலாவதை நான் உடன் வந்து கையெழுத்திட்டுத் தீர்த்துவிடலாம். இரண்டாவதைத் தீர்க்க என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது.

இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு ஜப்பானிய இராணுவம் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில்பாதையைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி என்று சொல்லி 1943இல் எங்கள் தோட்டத்திலிருந்து கூட்டிப்போன ஆண்களில் என் பாட்டியின் தகப்பனாரும் ஒருவர். பாட்டிக்கு அப்போது 14 வயது. அந்தத் தகப்பனார் சயாமிலேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு தங்கிவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லிவந்தார்கள்; நாங்களும் அதை நம்பி அவரைத் திட்டியே வளர்ந்தோம்.

உண்மை பாட்டிக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஜப்பான்காரன் காலம் முடிந்த பின், காலில் ஆறாத புண்ணோடு திரும்பிய ஒருவர் இரவில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்வாசலுக்கு வந்து, காலராவில் அவர் போய்விட்டார் என்று பாட்டியின் தாயாரிடம் சொல்லியிருக்கிறார். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது 16 வயதுப் பாட்டி. தாலியை இறக்கினால் தனிப்பெண்ணைத் தோட்டத்தில் நிம்மதியாக இருக்கவிட மாட்டார்கள் என்று அஞ்சிய அந்தத் தாய், தம்பிகளிடம்கூட வாய் திறக்கக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஏறத்தாழ 80 ஆண்டுகள் அதைக் காத்த பாட்டி, 95 வயதில், தனக்குத் தலைவாரிக்கொண்டிருந்த என் மகளிடம் சொல்லிவிட்டுக் கண்மூடினார். என்னிடம் சொல்லவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் என் மகளுக்கு 15 வயது; பாட்டி அதைச் சுமக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.

அந்த மனிதரின் புகைப்படம் எங்களிடம் இல்லை. ஒரு காகிதத் துண்டும் இல்லை. பிடி தேய்ந்த பால்வெட்டுக் கத்தி ஒன்று இருக்கிறது. அவர் கடைசியாக வேலைக்குப் பேர் போட்ட நாளின் செக்ரோலில் அவருடைய பெயர் எழுதியிருப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே என் மகளின் வேண்டுகோள். தயவுசெய்து அந்த ஏட்டைத் திறந்து காட்டுங்கள்.

சான்றிதழ் கேட்கிறீர்கள். காலரா பரவிய காட்டு முகாம்களில் பிணங்களை எரித்தவர்களுக்குப் பக்கத்தில் மேசை போட்டு கணக்கெழுத ஒரு கிராணியையும் உட்கார வைத்திருக்க வேண்டும்தான். ஜப்பானிய இராணுவம் அந்தக் கடமையில் தவறியதற்கு என் மகளைப் பொறுப்பாக்குவது சரியாகுமா என்று யோசியுங்கள். 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 7,000 பேர் தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில், பெரும்பாலும் பெயர் பொறித்த கற்களின் கீழ், உறங்குகிறார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு மதிப்பீடுகள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. எஞ்சியிருக்கக்கூடிய பெயர்களும் பூட்டிய அலமாரிக்குள் இருப்பது யாருடைய பாதுகாப்புக்காக?

சினம் மிகுந்துவிட்டது; பொறுத்தருள வேண்டுகிறேன். 1945க்கு முந்திய ஏடுகளுக்கு மட்டுமாவது மரணச் சான்றிதழ் விதியைத் தளர்த்தி, பெற்றோர் உடனிருக்க இளையோரையும் அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஏட்டைத் திறந்து காட்டுங்கள். ஒரு பக்கம் போதும்.

பள்ளி விடுமுறை அடுத்த மாதம் தொடங்குகிறது. கத்தியையும் கொண்டுவரலாமா என்று மகள் கேட்டாள். கூரிய பொருள்களுக்கு அனுமதியில்லை என்று உங்கள் வாசலில் எழுதியிருப்பதைச் சொல்லியிருக்கிறேன்.

பணிவன்புடன்,
விண்ணப்பதாரரின் தாய்