புதுவெளிக் கோபுரம் நின்ற இடத்தில் ஒரு கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன தை மாதம் கல்லூரியில் படிக்கும் பேத்தியை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினம் போயிருந்தேன். சூடாமணி விகாரத்தின் பெயரைத் திரைப்படத்தில் கேட்ட நாளிலிருந்தே அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்தில் விசாரித்தோம், யாருக்கும் தெரியவில்லை. வெளிப்பாளையம் பக்கம் அரைநாள் நடந்தோம். ஒரு பெயர்ப்பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை. "ஒரு சுவராவது மிச்சமிருக்காதா தாத்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் சூளாமணிவர்மன் பெயரில், அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் கட்டி முடித்த புத்தப் பள்ளி, அதாவது புத்தத் துறவிகளின் மடம் அது. சைவனான இராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு விட்ட அறக்கொடை நிலமாகக் கொடுத்தான். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்து, கள்ளியும் கல்லும் நாட்டிக் கொடுத்த நிலம். அந்தக் கொடையை 21 செப்பேடுகளில் பொறிக்கச் செய்தவன் இராஜேந்திரன். அதே இராஜேந்திரன்தான் 1025இல் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். ஆனால் 1090இலும் குலோத்துங்கன் நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்கு வரிவிலக்குத் தந்திருக்கிறான். நடுவில் ஒரு போரே நடந்து முடிந்தும் கொடை அறுபடவில்லை. என் வயதில் இதை நினைத்தாலும் சிலிர்க்கிறது.

இந்தச் செப்பேடுகள் டச்சுக்காரர்கள் காலத்தில் கடல் கடந்து நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போன கதை பலருக்கும் தெரியும். அவை போனாலும் அழியவில்லை. கட்டடத்தின் கதிதான் நெஞ்சை அறுக்கிறது.

விகார வளாகத்தின் மிச்சம் என்று கருதப்படும் செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலும் நின்றுகொண்டிருந்தது. சதுரமாக, மூன்று நிலைகளோடு, சாந்தில்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கற்களால் எழும்பிய கட்டடம். ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். கடலில் வந்தவர்கள் சீனப் பகோடா என்று சொல்லி அதையே அடையாளமாக வைத்துக் கரை தேடினார்கள். 1846இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அரசு அதிகாரி நேரில் பார்த்து விவரித்திருக்கிறார். படமும் இருக்கிறது. அப்போதே மேல்தளம் போய், உள்ளே வானம் தெரியும் நிலை.

அதைச் சாய்த்தது புயலோ பகைவனோ அல்ல. பக்கத்தில் கல்லூரி நடத்திய யேசு சபையினர் விண்ணப்பம் போட, சென்னை அரசாங்கம் அனுமதி கொடுக்க, 1867இல் இடித்துத் தள்ளினார்கள். 1856இலேயே அந்த வளாகத்தில் ஒரு மரத்தை வெட்டியபோது அடியில் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்திருந்தன. பின்னர் வந்த ஆண்டுகளில் நாகையில் கிடைத்தவை 350 வரை இருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றுள் பலவற்றைப் பார்க்கலாம். மண்ணுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்த பிறகும் கோபுரத்தைக் காப்பாற்ற மனம் வரவில்லையே!

கல்லூரி கட்டியவர்கள் மேல் இன்று பழி சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பழைய மண்டபங்களை உடைத்து வீட்டுக்கும் சாலைக்கும் கல் எடுத்துப் போனவர்கள் நம்மிலும் உண்டு.

நான் கேட்பது பெரிய மணிமண்டபம் அல்ல. கோபுரம் நின்ற இடத்தைத் தொல்லியல் துறை அளந்து குறிக்கட்டும். அங்கே ஒரு கல் நாட்டி, அந்தப் பழைய படத்தையும் ஆனைமங்கலக் கொடையின் தமிழ்ப் பகுதியில் நான்கு வரியையும் பொறிக்கட்டும். ஆனைமங்கலத்திலும் அப்படி ஒன்று வேண்டும். அந்த ஊர் பெயர் மாறாமல் அங்கேயேதான் இருக்கிறது. உங்கள் இதழ் இதை எடுத்து எழுதினால் மாவட்ட நிர்வாகத்தின் காதில் விழும். அடுத்த தைக்கும் பேத்தியோடு நாகை போவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர்